பட்ஜி கிளிகளுக்கு எது தீனி, எது நஞ்சு? – வாசகர் கேள்வி பதில்

செல்லப் பறவைகளுக்கு என்ன கொடுக்கலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்று கேட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நம் ஊர்க் கடைகளில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்ற பெயரில் விற்கப்படும் பட்ஜி கிளிகளைப் பற்றியவை. ஆகவே இந்த இதழின் பதில்கள் அனைத்தும் பட்ஜிகளின் தீனியைப் பற்றியே அமைகின்றன.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு ஜோடி லவ் பேர்ட்ஸ் உள்ளன. தினை மட்டும் போட்டால் போதும் என்று கடைக்காரர் சொன்னதால், இதுவரை தினையும் தண்ணீரும்தான் வைத்து வருகிறோம். பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கின்றன. வேறு ஏதாவது கொடுக்க வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தினை கெடுதலான தீனி அன்று; தினையைத் தவிர வேறெதுவும் இல்லாமல் வளர்ப்பதுதான் கெடுதல். பட்ஜியின் தாயகம் ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் உள்ள வறண்ட புல்வெளிகள். மழை பெய்த இடங்களைத் தேடிக் கூட்டம் கூட்டமாகப் பறந்து செல்லும் இப்பறவைகள், அங்கே பலவகைப் புல் விதைகளைக் காய்ந்த நிலையிலும் பால்பிடித்த இளம்பருவத்திலும் தின்கின்றன. கூண்டில் நாம் வைக்கும் காய்ந்த தினை, அந்த உணவின் ஒரு சிறு பகுதிக்குத்தான் ஈடாகும்.

காய்ந்த தானியத்தில் வைட்டமின் ஏ, சுண்ணாம்புச்சத்து, அயோடின் ஆகிய மூன்றும் மிகக் குறைவு. வைட்டமின் ஏ குறைந்தால் மூக்கு, வாய், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்புறச் சவ்வு தடித்துப்போய், கிருமிகள் எளிதில் தொற்றும் நிலை உண்டாகிறது. பறவை அடிக்கடி தும்முவதும் மூக்குத்துளை அடைத்துக்கொள்வதும் இதன் அடையாளங்களாக இருக்கலாம். அயோடின் குறைந்தால் கழுத்துக்குக் கீழே உள்ள தைராய்டு சுரப்பி வீங்கி, மூச்சுக்குழாயையும் தீனிப்பையையும் அழுத்துகிறது. மூச்சு விடும்போதெல்லாம் மெல்லிய கீச்சொலி கேட்பதும், தின்றதை அடிக்கடி கக்குவதும் தானியம் மட்டுமே தின்னும் பட்ஜிகளிடம் காணப்படும் பழக்கமான நோய்க்குறிகள். சுண்ணாம்புச்சத்துக் குறைவினால் பெட்டைப் பறவையின் முட்டை உள்ளேயே சிக்கி, உயிருக்கே ஆபத்தாகலாம்.

நன்றாகவே இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து மட்டும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். வேட்டை விலங்குகளுக்கு இரையாகும் பறவையினம் என்பதால், பட்ஜி தன் நோயை இயன்றவரை வெளிக்காட்டாது. சிறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்காரும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

இப்போதைக்குத் தினையை நிறுத்தாமல், உமி நீக்கப்படாத சாமை, குதிரைவாலி, பனிவரகு ஆகியவற்றைத் தினையுடன் கலந்து வையுங்கள். ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டித் தானியம் போதும். காலையில், பசியோடு இருக்கும் நேரத்தில், தானியத்துக்கு முன்பாகக் கீரையும் காய்கறித் துருவலும் வைத்துப் பழக்குங்கள். புதிய உணவைக் கண்டால் பட்ஜி முதலில் ஒதுங்கித்தான் நிற்கும். நன்கு கழுவிய கொத்தமல்லிக் கட்டை, நீர் சொட்டச் சொட்டக் கூண்டின் மேற்கம்பியில் தலைகீழாகக் கட்டிவிட்டால், அது முதலில் அந்த ஈர இலைகளில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கும். பிறகு இலை நுனியை நறுக்கும். சில நாட்களில் தின்னத் தொடங்கிவிடும். தானியம், சத்துகள் எல்லாம் சேர்த்து அரைத்துச் சிறு குருணையாக அழுத்திச் செய்யப்படும் தரமான பெல்லட் தீவனம் கிடைத்தால் அதையும் சிறிது சிறிதாகப் பழக்கலாம். பெல்லட்டை முறையாகத் தின்னும் பறவைக்கு வைட்டமின் சொட்டு மருந்து தனியாகத் தர வேண்டியதில்லை. சில வைட்டமின்கள் அளவு மீறினால் அவையே கெடுதல் செய்யும்.

கேள்வி: கிண்ணம் நிறையத் தினை இருந்தும், நாங்கள் ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் எங்கள் பறவைகளில் ஒன்று மெலிந்து இறந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் பார்த்துக்கொண்டான். தீனி இருந்தும் எப்படி இப்படி ஆனது?
– வாசகர், விருதுநகர்

பதில்: தங்கள் இழப்புக்கு வருந்துகிறேன். அந்தப் பிள்ளையின் மீது குற்றமில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்ஜி தினையை முழுதாக விழுங்குவதில்லை. அலகில் உருட்டி, உமியை உரித்து, உள்ளே உள்ள பருப்பை மட்டும் தின்றுவிட்டு, உமியைப் பெரும்பாலும் கிண்ணத்திலேயே விட்டுவிடுகிறது. அந்த உமி தினையின் நிறத்திலேயே, மேற்பரப்பில் கனமாகப் படிந்துகிடக்கும். பார்ப்பவருக்குக் கிண்ணம் நிறைந்திருப்பதாகத்தான் தோன்றும். அடியில் நல்ல தினை இருந்தாலும் உமியைக் கிளறி எடுக்க எல்லாப் பறவைகளுக்கும் தெரிவதில்லை. அடியிலும் ஒன்றுமில்லாமல் போயிருந்தால் சொல்ல வேண்டியதே இல்லை.

முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள பறவைக்கு உடம்பில் சேமிப்பு என்று அதிகம் கிடையாது. ஒன்றிரண்டு நாள் பட்டினியே அதன் உயிரை வாங்கிவிடும். ஆகவே நாள்தோறும் கிண்ணத்தை வெளியே எடுத்து, மெதுவாக ஊதி, உமி பறந்தபின் மிஞ்சுவது என்ன என்று பார்க்க வேண்டும். பழைய தினையின் மேலேயே புதிய தினையைக் கொட்டும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். வெளியூர் செல்வோர், பார்த்துக்கொள்பவருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டியவற்றில் இதுவே முதன்மையானது.

வேறொரு காரணமும் இருந்திருக்கலாம். வயிற்றில் ஒருவகைப் பூஞ்சை தொற்றுவதால், நன்றாகத் தின்றும் பட்ஜி நாளுக்கு நாள் மெலிவதுண்டு. எச்சத்தில் செரிக்காத விதைகள் தென்படுவது இதன் ஓர் அடையாளம். இறந்த பறவையுடன் ஒரே கூண்டில் இருந்த மற்றப் பறவைகளின் நெஞ்சை விரலால் தடவிப் பாருங்கள். நடுவிலுள்ள மார்பெலும்பு கத்தி விளிம்பைப் போலக் கூர்மையாகத் தட்டுப்பட்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் பட்டர் ஃப்ரூட் நிறையக் காய்க்கிறது. குழந்தைக்கு மசித்துக் கொடுக்கும்போது பறவைகளுக்கும் கொஞ்சம் வைக்கலாமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: வைக்கவே கூடாது. வெண்ணெய்ப் பழம், அவகாடோ என்றெல்லாம் அழைக்கப்படும் இந்தப் பழம் மனிதருக்கு நல்ல உணவு. பறவைகளுக்கு, அதிலும் பட்ஜிக்கு, நஞ்சு. இதன் இலை, தோல், கொட்டை, சதை அனைத்திலும் பெர்சின் என்ற பொருள் இருக்கிறது. அது பறவையின் இதயத் தசையைச் சிதைக்கிறது. இதயத்தைச் சுற்றி நீர் கோத்து, மூச்சுத் திணறி, பறவை இறக்கிறது. 1 கிராம் பழம் தின்ற பட்ஜிகள் அமைதியிழந்து தம் இறகுகளைத் தாமே பிய்த்துக்கொண்டதாகவும், மசித்த பழம் 8.7 கிராம் தரப்பட்டவை 48 மணி நேரத்துக்குள் இறந்ததாகவும் கால்நடை நச்சியல் நூல்கள் குறிப்பிடுகின்றன.

தோட்டத்தில் மரமே இருக்கிறது என்பதால், உட்காரும் குச்சிக்காக அதன் கிளையை வெட்டிக் கூண்டில் வைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். குச்சிக்கு வேப்பங்கிளையோ கொய்யாக்கிளையோ ஏற்றது. அரளிக் கிளை கூண்டின் அருகிலேயே வரக்கூடாது.

கேள்வி: என் மாமனார் தம் பிஸ்கட்டை டீயில் நனைத்துப் பறவைக்கு ஊட்டுகிறார். மிக்சர், முறுக்கும் கொடுக்கிறார். சில சமயம் தம் வாயிலிருந்தே எடுக்கச் செய்கிறார். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இவையெல்லாம் கெடுதலா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: எல்லாமே கெடுதல்தான். பெரியவரிடம் எடையைக் கொண்டு விளக்கிப் பாருங்கள். அறுபது கிலோ எடையுள்ள மனிதர், 35 கிராம் எடையுள்ள பட்ஜியைப் போல ஏறத்தாழ 1,700 மடங்கு கனமானவர். நமக்கு ஒரு துணுக்கு என்பது அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு. மிக்சர், முறுக்கு, அப்பளம், ஊறுகாய் ஆகியவற்றிலுள்ள உப்பை அதன் சிறுநீரகத்தால் தாங்க முடியாது. டீ, காப்பியில் உள்ள காஃபீனும், சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினும் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி, நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கும். பால் நஞ்சு அல்ல. ஆனால் அதிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி பறவைகளுக்கு இல்லாததால் எச்சம் இளகிப்போகும். மதுவைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் விளையாட்டாகக் கொடுப்பவர்கள் இருப்பதால் சொல்கிறேன், ஒரு சொட்டுகூடக் கொடுக்கலாகாது.

மிக்சரிலும் பொரியலிலும் வெங்காயமும் பூண்டும் சேர்ந்திருக்கும். இவ்விரண்டும் பறவையின் சிவப்பணுக்களை உடைத்து இரத்தச் சோகையை உண்டாக்கக்கூடியவை. பச்சையாக இருந்தாலும், வேகவைத்தாலும், பொடியாக இருந்தாலும் இக்கெடுதல் நீங்குவதில்லை. ஆகவே நம் தட்டிலிருந்து எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை என்று வீட்டில் ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்வது நல்லது. உப்பில்லாத வெறும் சோறு நான்கு பருக்கை தின்றால் ஒன்றும் ஆகாது; அதனால் பெரிய பயனும் இல்லை.

வாயிலிருந்து ஊட்டுவது அன்பின் மிகுதியால் செய்வதுதான். ஆனால் நம் எச்சிலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்களில் சில, பட்ஜியின் உடலில் நோயை உண்டாக்குபவை. பெரியவருக்குப் பறவையோடு இருக்கும் அந்த நேரம் முக்கியமானது; அதைப் பறிக்காதீர்கள். டீ வேளையில் அவர் கையில் ஒரு தினைக்கதிரையோ கொத்தமல்லித் தண்டையோ கொடுத்துவிடுங்கள். கையிலிருந்து கொத்தித் தின்பதில் பறவைக்கும் அவருக்கும் அதே மகிழ்ச்சி கிடைக்கும்.

கேள்வி: எந்தக் கீரை, காய், பழங்களைத் தயக்கமின்றிக் கொடுக்கலாம்?
– வாசகர், ஈரோடு

பதில்: கீரைகளில் முருங்கைக்கீரை, கொத்தமல்லி, வெந்தயக்கீரை ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி நாள்தோறும் கொடுக்கலாம். இவற்றுள் முருங்கைக்கே நான் முதலிடம் தருவேன். தினையில் இல்லாத வைட்டமின் ஏ-க்கு வேண்டிய சத்தும் சுண்ணாம்புச்சத்தும் ஒருசேர அதில் இருக்கின்றன, செலவும் இல்லை. பாலக், பசலை, தண்டுக்கீரை ஆகியவற்றில் உள்ள ஆக்சலேட், சுண்ணாம்புச்சத்தை உடல் ஏற்கவிடாமல் தடுப்பதால், அவற்றை வாரம் ஒருமுறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சந்தையில் வாங்கும் கீரையில் பூச்சிமருந்து படிந்திருக்கக்கூடும் என்பதால், ஒரு பாத்திர நீரில் சற்று நேரம் ஊறவைத்து, நீரை மாற்றி இரண்டு மூன்று முறை அலச வேண்டும். இடமிருந்தால் ஒரு தொட்டியில், தாங்கள் பறவைக்கு வைக்கும் அதே தினையைத் தூவித் தண்ணீர் தெளியுங்கள். முளைத்து விரல் உயரம் வந்ததும் தொட்டியோடு கூண்டுக்குள் வைக்கலாம். மருந்து படாத பசும்புல் அதற்குக் கிடைத்துவிடும்.

காய்களில் கேரட், பூசணி, குடைமிளகாய், பீன்ஸ், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஆகியவை நல்லவை. கேரட்டைத் துண்டாக வைத்தால் தொடாத பறவை, மெல்லிய துருவலாக வைத்தால் தின்னும். பீட்ரூட்டும் கொடுக்கலாம், மறுநாள் எச்சம் சிவப்பாக இருந்தால் இரத்தமோ என்று அஞ்ச வேண்டாம். தக்காளிப் பழத்தின் சதையை எப்போதாவது சிறிது தரலாம். அதன் இலை, காம்பு, பச்சைக்காய் ஆகாது. கத்தரி இலை, முளைவிட்ட உருளைக்கிழங்கு, பச்சையான மரவள்ளிக்கிழங்கும் அதன் இலையும் நஞ்சுள்ளவை.

பழங்களில் கொய்யா, பப்பாளி, மாதுளை, மாம்பழம் ஆகியவற்றை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, கட்டைவிரல் நகமளவு கொடுத்தால் போதும். சர்க்கரை மிகுந்தவை என்பதால் அளவு தேவை. ஆப்பிள், பேரிக்காய் ஆகியவற்றின் விதைகளைக் கட்டாயம் நீக்க வேண்டும். செர்ரி, பீச், ஆப்ரிகாட் கொட்டைகளும் அப்படியே. அவற்றை மெல்லும்போது சயனைடு வெளிப்படுகிறது. கொய்யா, பப்பாளி, மாதுளை விதைகளால் அந்த அச்சம் இல்லை. நம் வெயிலில் நறுக்கிய பழம் விரைவில் புளித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி: பச்சை மிளகாய் கொடுத்தால் கிளிக்குக் காரமாக இருக்காதா?
– வாசகர், சிவகாசி

பதில்: இருக்காது. மிளகாயின் எரிச்சலுக்குக் காரணமான கேப்சைசினைப் பாலூட்டிகளின் நரம்புகள் உணர்வதைப் போலப் பறவைகளின் நரம்புகள் உணர்வதில்லை. மிளகாய்ச் செடியின் விதையைக் காட்டில் பரப்புவோரும் பறவைகளே. கழுவி நறுக்கிய மிளகாயில் பட்ஜி முதலில் விதைகளைத்தான் தேடித் தின்னும். மிளகாய்த்தூள் மட்டும் வேண்டாம். அதன் தூசி கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது.

கேள்வி: தினையில் வண்டு விழுந்துவிட்டால் புடைத்துவிட்டுப் போடலாமா? வேர்க்கடலை, முளைகட்டிய பயறு இவற்றைக் கொடுப்பது சரியா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: ஒன்றிரண்டு வண்டு விழுந்தால் புடைத்து, வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். கட்டி கட்டியாகச் சேர்ந்திருந்தாலோ, பூசண வாடை வந்தாலோ, நூலாம்படை போலப் பின்னியிருந்தாலோ விலை பார்க்காமல் கொட்டிவிடுங்கள். தினை பழையதா என்று அறிய, ஒரு தேக்கரண்டி எடுத்து ஈரத்துணியில் முடிந்துவையுங்கள். பெரும்பகுதி முளைத்தால் நல்ல தானியம். முளைக்கவில்லை என்றால் அதில் உயிர்ச்சத்து போய்விட்டது. மளிகைக் கடையில் நமக்காக விற்கும் தினை உமி நீக்கப்பட்டது. பறவைக்கு உமியோடு உள்ளதையே வாங்குங்கள்.

வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஈரம் பட்டால் வளரும் பூசணம், கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. பூசணத்தைத் துடைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு முற்றிலும் போகாது. கொழுப்பும் மிகுதி என்பதால், பட்ஜிக்கு வேர்க்கடலையே தேவையில்லை என்பது என் கருத்து. சூரியகாந்தி விதையையும் கையில் வைத்துப் பழக்குவதற்காக நாளுக்கு ஒன்றிரண்டு என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முளைகட்டிய பச்சைப்பயறு மிக நல்லது. வழவழப்போ புளித்த வாடையோ இல்லாமல், நன்கு அலசிக் கொடுங்கள். ராஜ்மா போன்ற பெரிய பயறுகளை வேகவைக்காமல் வைக்கலாகாது.

கேள்வி: முட்டையிடும் காலத்தில் என்ன சேர்க்க வேண்டும்? கடையில் விற்கும் மணலும் வைக்க வேண்டுமா?
– வாசகர், சேலம்

பதில்: கடல் நுரை என்று நாட்டு மருந்துக் கடைகளிலும் பறவைக் கடைகளிலும் கிடைக்கும் கணவாய் ஓட்டை, முட்டைக் காலம் என்றில்லாமல் ஆண்டு முழுவதும் கூண்டில் கட்டிவையுங்கள். அதன் மென்மையான பக்கம் பறவையை நோக்கி இருக்க வேண்டும். கடற்கரையில் தாங்களே பொறுக்கியதாக இருந்தால், உப்புப் போகப் பலமுறை நீர் மாற்றி ஊறவைத்துக் காயவைத்த பிறகே பயன்படுத்தலாம். இணை சேர்ந்தபின், வேகவைத்த முட்டையை மசித்து வாரம் இரண்டு மூன்று முறை கொடுங்கள். குஞ்சுகள் வெளிவந்தபின் நாள்தோறும் தரலாம். குஞ்சுகள் தனியே தின்னத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். சத்துமிக்க தீனி இடைவிடாமல் கிடைத்தால் பெட்டை ஓய்வின்றி முட்டையிட்டுத் தளர்ந்துபோகும். உமியை உரித்தே தின்னும் பட்ஜிக்கு மணல் தேவையில்லை. அளவு மீறித் தின்றால் குடலை அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: சமையலறை ஜன்னலோரம் கூண்டை வைக்கலாமா?
– வாசகி, தாம்பரம்

பதில்: வேண்டாம். நான்ஸ்டிக் பாத்திரத்தை வெறுமனே அடுப்பில் விட்டு, சூடு ஏறத்தாழ 280 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அதன் பூச்சிலிருந்து நிறமும் மணமும் அற்ற நச்சு ஆவி கிளம்புகிறது. நாம் உணர்வதற்கு முன்பே, சில நிமிடங்களில், பறவையின் நுரையீரலில் இரத்தம் கசிந்து உயிர் பிரிந்துவிடும். தாளிக்கும் புகை, சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள் ஆகியவற்றின் புகையும் எட்டாத, காற்றோட்டமுள்ள வேறு அறைக்குக் கூண்டை மாற்றுங்கள்.

கேள்வி: பச்சைக்கிளிக்கும் இதே தீனிதானா?
– வாசகர், அரியலூர்

பதில்: நம் நாட்டுப் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. அடிபட்ட கிளி கிடைத்திருந்தால், தீனி தேடுவதைவிட வனத்துறைக்குத் தகவல் தருவதே முதல் வேலை.

கேள்வி: ஆகாத ஒன்றைத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் உடனே என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புநீரோ, முறிவு என்று பாலோ எண்ணெயோ வாயில் ஊற்றாதீர்கள், அவை மூச்சுக்குழாய்க்குள் சென்றால் அதனாலேயே பறவை இறக்கும். மிச்சமிருக்கும் அந்த உணவை அப்புறப்படுத்தி, அதில் சிறிது மருத்துவரிடம் காட்டுவதற்காக எடுத்துவையுங்கள். எவ்வளவு தின்றது, எப்போது தின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பறவையைத் தனியாக ஒரு சிறு கூண்டிலோ துளையிட்ட அட்டைப் பெட்டியிலோ வைத்து, அரையிருட்டாகவும் கதகதப்பாகவும் வைத்தபடி உடனே கிளம்புங்கள். அறிகுறி தோன்றட்டும் என்று காத்திருந்தால், மருத்துவர் செய்யக்கூடியது குறைந்துவிடும்.

எல்லா ஊர்களிலும் பறவை மருத்துவத்தில் பழகியவர் கிடைப்பதில்லை. சென்னை வேப்பேரியிலும், நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனைகள் இருக்கின்றன. தங்களுக்கு ஒரத்தநாடு பக்கம். அங்கே பறவைகளைப் பார்க்கும் நேரத்தையும் தொலைபேசி எண்ணையும் இன்றே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கொண்டு செல்லும் பெட்டியின் அடியில் அச்சில்லாத வெள்ளைத் தாளை விரித்துவிடுங்கள். வழியில் இடும் எச்சத்தின் நிறத்தையும் நீர்த்தன்மையையும் பார்த்தே மருத்துவர் பலவற்றை அறிந்துகொள்வார்.